ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது பேச உட்காருவது எப்படி?

தொழில் உறவு பற்றி வாசகர்கள் எழுதும் கேள்விகளுக்கு இப்பகுதியில் பதிலளித்து வருகிறோம். இம்முறை பீர்மேடு, தேவிகுளம், உடும்பன்சோலை, பாலக்காட்டுச் சித்தூர் வட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. கையெழுத்தான ஒப்பந்தத்தின் காலம் முடிவதற்கு முன்பே நிர்வாகமோ சங்கமோ மறுபடி பேச அழைத்தால், அந்தப் பேச்சு எந்த முறைகளுக்கு உட்பட்டு நடக்க வேண்டும் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். அவற்றில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் கூலி ஒப்பந்தம் முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. இதற்கிடையில், இனி மெஷின் வைத்துத்தான் தேயிலைக் கொழுந்து எடுக்க வேண்டும், தினமும் எடுக்க வேண்டிய அடிப்படை எடையும் கூடும் என்று சொல்லி, அதைப் பற்றிப் பேச வருமாறு நிர்வாகம் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறது. பேசப் போனாலே பழைய ஒப்பந்தம் செல்லாமல் போய்விடும், ஆகவே போகவே கூடாது என்று லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) பலர் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— கமிட்டி உறுப்பினரான ஒரு பெண் தொழிலாளி, வண்டிப்பெரியாறு

பேசப் போவதால் ஒப்பந்தம் உடைவதில்லை. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, ஓர் ஒப்பந்தம் அதில் குறித்த காலம் முழுவதும் இருதரப்பையும் கட்டுப்படுத்தியது; 2025 நவம்பர் 21 அன்று அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி தொடர்கிறது. காலம் முடிந்த பிறகும், முடித்துக்கொள்வதாக ஒரு தரப்பு எழுத்தில் அறிவித்து 60 நாள் கழியும்வரை அது நீடிக்கும். கூலி, வேலை நேரம், வழக்கமாக இருந்துவரும் சலுகைகள், ஆட்குறைப்புக்கு இட்டுச் செல்லக்கூடிய இயந்திர மாற்றம் ஆகியவற்றில் நிர்வாகம் மாற்றம் செய்ய விரும்பினால், பழைய சட்டத்தின் 9ஏ பிரிவில் இருந்தபடியே புதிய தொகுப்பிலும், முதலில் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்த 21 நாட்களுக்குள் அதை நடைமுறைப்படுத்தவும் கூடாது.

ஆனால் அதே விதியில் ஒரு விலக்கும் உண்டு. இருதரப்பும் கையெழுத்திட்ட ஓர் உடன்படிக்கையின்படி மாற்றம் வருமானால் முன்னறிவிப்பு தேவையில்லை. நிர்வாகம் பேச அழைப்பதில் தவறேதும் இல்லை. அறிவிப்பை மட்டும் ஒட்டிவிட்டு நாள் எண்ணுவதைக் காட்டிலும் அது நல்ல வழிதான். ஆயினும் உங்கள் கமிட்டியின் கையெழுத்துக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை அறிந்துதான் நீங்கள் உள்ளே போக வேண்டும். வருகைக்கான கையெழுத்தைத் தனித் தாளில் மட்டுமே போடுங்கள். அன்றைய பேச்சின் குறிப்பு எழுதப்பட்ட தாளின் அடியில் "வந்திருந்தோர்" என்ற பெயரில் கையெழுத்திட்டுவிட்டு, அது சம்மதமாகக் காட்டப்பட்ட பிறகு மறுத்துச் சொல்வது மிகக் கடினம்.

முதல் கூட்டத்தில் கொழுந்து எடையைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். எப்படிப் பேசப் போகிறோம் என்பதை ஒரு நடைமுறைக் குறிப்பாக எழுதி, இருதரப்பும் அதில் மட்டும் ஒப்பமிடுங்கள். அதன் முதல் வாக்கியமே, நடப்பு ஒப்பந்தம் முழுமையாகத் தொடர்கிறது, இயந்திரம், அடிப்படை எடை என்ற இரண்டு விஷயங்கள் மட்டுமே பேசப்படுகின்றன, உடன்பாடு வராவிட்டால் இரண்டிலும் பழைய நிலையே நீடிக்கும், பேச்சு முடியும்வரை எந்த மலையிலும் (தோட்டப் பகுதியிலும்) புதிய முறை தொடங்கப்படாது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியம் எழுத்தில் இல்லாமல் பேசத் தொடங்குவது, என் கருத்தில், தொழிலாளிகளுக்குச் செய்யும் பெரிய தீங்கு. நிர்வாகம் இரண்டு விஷயங்களைத் திறக்கிறது என்றால், அவற்றோடு பிரிக்க முடியாமல் இணைந்தவற்றை எழுப்பும் உரிமை உங்களுக்கும் இருக்க வேண்டும். மெஷினை யார் தூக்குவது, எத்தனை மணி நேரம் ஓட்டுவது, எடைக்குக் கிடைத்துவந்த ஊக்கத்தொகை குழுவாக வேலை செய்யும்போது யாருக்குப் போகும், மெஷின் பழுதானால் அன்றைய பேர் (கூலிக்கான வருகைப் பதிவு) என்ன ஆகும் என்பவையெல்லாம் அப்படிப்பட்டவை. இவற்றையும் முதல் கூட்டத்திலேயே பட்டியலில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு எந்தத் தரப்பும் புதிய விஷயத்தைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, மேசையில் யார் உட்காருவது என்பது. கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் அவர்களுடைய கூலியைப் பற்றிப் பேசப் போகிறவர்களில் பெரும்பாலோர் மலையில் கூடை சுமக்காத ஆண்கள். இந்த நிலை மாறியே ஆக வேண்டும். நாள்தோறும் கொழுந்து எடுக்கும் பெண்கள் பேச்சுக் குழுவில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று குறிப்பிலேயே எழுதி வாங்குங்கள். பேச்சுக்கு வரும் நாளில் அவர்களுக்குச் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) முழுப் பேர் விழ வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது கூட்டத்துக்கே அவர்களால் வர இயலாது. கூட்டம் மேனேஜர் பங்களாவில் நடக்க வேண்டாம். எஸ்டேட் ஆபீஸிலோ பிளான்டேஷன் இன்ஸ்பெக்டர் அலுவலகத்திலோ நடக்கட்டும். உங்கள் குழு தனியே கூடிப் பேச ஓர் அறையும், அதற்கு வேண்டிய நேரமும் உண்டு என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

தகவல் பரிமாற்றத்துக்கும் விதி வேண்டும். மெஷினால் இவ்வளவு கொழுந்து எடுக்க முடிகிறது என்று நிர்வாகம் ஒரு கணக்கைக் கொண்டுவரும். அந்தக் கணக்கு எந்த மாதத்தில், எந்த மலையில், எத்தனை பேரை வைத்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். மழைக்குப் பின் கொழுந்து குவியும் வாரங்களில் எடுத்த எடையை, ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் காயும் செடிக்கும் அளவுகோலாக வைக்க முடியாது. சரிவான மலைக்கும் சமமான மலைக்கும் வேறுபாடு உண்டு என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் அந்த அறையில் இருக்கப் போவதில்லை. சோதனையாக ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவானால், சோதனை தொடங்கும் நாளும் முடியும் நாளும், எந்த மலை என்பதும், சோதனைக் காலத்தில் யாருடைய வருமானமும் முந்தைய ஆண்டின் அதே மாதங்களில் பெற்றதைவிடக் குறையாது என்ற உறுதியும், சோதனை நடந்ததையே சம்மதத்துக்குச் சான்றாகக் காட்ட மாட்டோம் என்ற வாசகமும் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். கேரளத்தில் தோட்டத் தொழிலாளர் கூலியும் அதோடு சேர்ந்த வேலை அளவும் அரசு, முதலாளிகள், சங்கங்கள் என மூன்று தரப்பும் உட்காரும் பிளான்டேஷன் லேபர் கமிட்டியில் மாநில அளவில் பேசி முடிவாகின்றன. உங்கள் அடிப்படை எடை அங்கே முடிவானது என்றால், ஓர் எஸ்டேட் ஆபீஸில் உட்கார்ந்து அதைத் தனியாக மாற்றிக்கொள்ளும் அதிகாரம் உள்ளூர் நிர்வாகத்துக்கும் இல்லை, உங்கள் கமிட்டிக்கும் இல்லை. அப்படியானால் மெஷினைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

கேள்வி: கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் சங்கத்தின் இணைச் செயலாளராக இருக்கிறேன். ஷிப்ட் முறையை மாற்றுவது பற்றி ஒப்பந்தக் காலத்தின் நடுவில் பேசுகிறோம். பேச்சு முடியும்வரை உள்ளே நடப்பது எதையும் வெளியே சொல்லக் கூடாது, இறுதியில் குழுவின் கையெழுத்தே போதுமானது என்று நிர்வாகம் தந்த வரைவில் இருக்கிறது. இதில் ஒப்பமிடலாமா?
— கொழிஞ்சாம்பாறை வாசகர்

வரைவில் உள்ள இரண்டு விதிகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பத்திரிகைக்கும் சமூக ஊடகத்துக்கும் பேச்சின் நடுவே எதையும் தருவதில்லை என்ற கட்டுப்பாடு நியாயமானது. ஒரு தரப்பு யோசனையாக மட்டும் சொன்ன ஒன்று மறுநாள் காலையில் வாட்ஸ்ஆப்பில் முடிவாகப் பரவினால், அதன் பிறகு யாரும் மனம் திறந்து பேச மாட்டார்கள். ஆனால் சங்க உறுப்பினர்களுக்கே சொல்லக் கூடாது என்பதை ஏற்காதீர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் இருதரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு சிறு அறிக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும், அதற்கு மேல் உறுப்பினர் கூட்டத்தில் விளக்கம் தரும் உரிமை சங்கத்துக்கு உண்டு என்று அந்த விதியைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது விதிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. உறுப்பினர் பொதுக்குழு ஏற்றால் மட்டுமே உடன்பாடு செல்லும் என்ற வரி இல்லாத குறிப்பில் நீங்கள் கையெழுத்திடக் கூடாது. நம் மலைப்பகுதியிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தார்கள்; போனஸ் 10 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டதை ஏற்காமல் 20 சதவீதம் கேட்டார்கள். தங்கள் பெயரால் பேசிக்கொண்டிருந்த பெரிய சங்கங்களின் தலைவர்களையும் அந்தப் போராட்டத்துக்குள் அவர்கள் அனுமதிக்கவில்லை. பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற அவர்களது அமைப்பின் பெயர் அப்போதுதான் எல்லோருக்கும் தெரியவந்தது. முதலமைச்சராக இருந்த உம்மன் சாண்டி நடத்திய பேச்சில், போனஸும் கருணைத் தொகையும் சேர்ந்து 20 சதவீதம் என்று முடிவானது. அடுத்த மாதம் தேயிலைத் தோட்டத்தின் நாள் கூலியும் 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. சங்கங்கள் ஆண்டுதோறும் நிர்வாகத்தோடு பேசியே வந்திருந்தன. உள்ளே என்ன பேசப்பட்டது, எதற்காக எது விட்டுக்கொடுக்கப்பட்டது என்பது லயத்துக்கு வந்து சேராதபோது, நல்ல எண்ணத்தோடு போட்ட கையெழுத்தும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். நிர்வாகத்துக்கும் இதில் நன்மை இல்லை. உறுப்பினர் ஏற்காத ஓர் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு எந்தத் தொழிற்சாலையும் ஷிப்ட் ஓட்ட முடியாது.

அதே நேரத்தில் எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. பேச்சுக் குழு தான் ஒப்புக்கொண்டதைப் பொதுக்குழு முன் ஆதரித்துப் பேச வேண்டும். உள்ளே தலையசைத்துவிட்டு வெளியே வந்து எதிர்த்து வாக்களிக்கச் சொல்வது ஒழுங்கல்ல. இந்தக் கடமையையும் குறிப்பில் நீங்களே முன்வந்து எழுதிக் கொடுத்தால், ஒப்புதல் வாக்கெடுப்புக் கோரிக்கையை நிர்வாகம் ஏற்பது எளிதாகும். தனித்தனி விஷயங்களில் உடன்பாடு வரும்போது முதலெழுத்து மட்டும் இட்டு, எல்லாம் முடிந்து பொதுக்குழு ஏற்ற பிறகே முழுக் கையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெர்பெர்ட்சன்ஸ் நிறுவன வழக்கில் 1976-இல் உச்ச நீதிமன்றம், ஓர் உடன்படிக்கையை முழுமையாகவே பார்க்க வேண்டும், ஒரு பகுதி பாதகமாக இருக்கிறது என்று அதை மட்டும் பிரித்தெடுத்து எடைபோடக் கூடாது என்று கூறியது. பின்னால் பிரிக்க முடியாது என்பதால்தான் முன்னால் முழுவதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: எங்கள் எஸ்டேட்டில் மினிட்ஸ் (பேச்சின் குறிப்பு) மலையாளத்தில் எழுதப்படுகிறது. கமிட்டியில் உள்ள மூத்தவர்கள் பலருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். மலையாளம் நன்றாகவே பேசுவார்கள் என்பதால் நிர்வாகம் இதை ஒரு குறையாகவே நினைப்பதில்லை.
— தேவிகுளம் வாசகர்

பேசத் தெரிவதும், சட்டக் குறிப்பைப் படித்துப் பொருள் கொள்வதும் ஒன்றல்ல. இரண்டு மொழியிலும் மினிட்ஸ் எழுதப்படும், இரண்டும் அதே நாளில் வாசித்துக் காட்டப்பட்டு அடுத்த கூட்டத்துக்கு முன் பிரதியாகத் தரப்படும், வேறுபாடு தோன்றினால் எது செல்லும் என்பதையும் இருதரப்பும் முன்பே முடிவு செய்யும் என்று நடைமுறைக் குறிப்பில் சேர்க்கக் கோருங்கள். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. அது நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும் விதி அல்ல. ஆனாலும், தொழிலாளர் துறைக்கு நீங்கள் எழுதும் மனுவைத் தமிழில் எழுதத் தயங்க வேண்டியதில்லை.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஓர் அரசு அலுவலகத்தில் பணிபுரிகிறாள். அங்கே ஒப்பந்தத்தின் நடுவில் பேசுவதற்கு முன் விதிகளை எழுதிக் கையெழுத்திடுவது வழக்கம் என்கிறாள். அங்கே சட்டமே அப்படி இருக்கிறதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், குமுளி

அங்கே தனியார் துறைக்கும் அரசுத் துறைக்கும் தனித்தனிச் சட்டங்கள். தனியார் துறைக்கான தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தில் 1947-இல் சேர்க்கப்பட்ட விதிப்படி, குறித்த காலத்துக்குச் செய்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும் ஒன்றை அந்தக் காலத்துக்குள் மாற்றுவது பற்றிப் பேச எந்தத் தரப்பையும் கட்டாயப்படுத்த முடியாது. ஒப்பந்தத்தில் இடம்பெறாத விஷயம் என்றால் பேசும் கடமை எழலாம்; அதையும் தவிர்ப்பதற்காக, எல்லாம் பேசி முடிந்துவிட்டது, காலம் முடியும்வரை இனிப் பேச்சில்லை என்று ஒரு பிரிவைச் சேர்ப்பவர்களும் உண்டு. மத்திய அரசு ஊழியருக்கு 1978-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். ஒப்பந்தத்தின் நடுவில் சங்கம் எழுப்பும் புதிய விஷயத்தைப் பேசியாக வேண்டுமா என்பதை அந்தச் சட்டம் கட்டாயமாக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை, அதை முடிவு செய்ய வேண்டியது அதற்கென உள்ள ஆணையமே என்று 1999-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதிகளை முன்கூட்டி எழுதிக்கொள்ளும் வழக்கம் அங்கே வேரூன்றி இருக்கிறது. நம் சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவு இல்லை என்றாலும், செய்துகொள்ளத் தடையும் இல்லை.

கேள்வி: நான் நிர்வாகத் தரப்பில் இருப்பவன். எங்கள் தோட்டத்தில் சங்கங்கள் பல. ஒரு சங்கத்தோடு பேசி முடித்தால் மற்றொன்று அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்கிறது. யாரோடுதான் பேசுவது?
— உதவி மேலாளர், பீர்மேடு

அந்தச் சங்கம் சொல்வது பல சமயங்களில் சட்டப்படி சரியே. இருதரப்பும் தாமாகக் கூடிச் செய்யும் உடன்படிக்கை, 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18(1) பிரிவில் இருந்தபடியே புதிய தொகுப்பிலும், கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்க அரசு நியமிக்கும் சமரச அலுவலர் முன்னிலையில், சமரச நடவடிக்கையின் போக்கில் ஏற்படும் உடன்படிக்கை, 18(3) பிரிவில் இருந்தபடியே, அங்கே இன்று வேலை செய்பவர், நாளை சேர்பவர் அனைவரையும் கட்டுப்படுத்தும். ஆகவே பேச்சைத் தோட்டத்திலேயே நடத்தி முடித்தாலும், கையெழுத்தைச் சமரச அலுவலர் முன்னிலையில் போடுவது என்று தொடக்கத்திலேயே எல்லாச் சங்கங்களோடும் பேசி வையுங்கள். புதிய சட்டத் தொகுப்பின்படி, பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்ற சங்கமே பேசும் சங்கம். அப்படி ஒன்றும் இல்லாதபோது, 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களிலிருந்து ஒரு பேச்சுக் குழு அமைக்கப்பட வேண்டும். சிறிய சங்கத்துக்கு வாக்கு இல்லாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருக்க ஓர் இருக்கை கொடுங்கள். பிற்பாடு கேட் முன் நின்று கேட்க வேண்டிய கேள்வியை அவர்கள் உள்ளேயே கேட்டுவிடுவார்கள்.

உங்களுக்கு இன்னும் ஒன்று. தேயிலை விலை சரிந்துவிட்டது, தாங்க முடியவில்லை என்ற காரணத்தைச் சொல்லி ஒப்பந்தத்தின் நடுவில் சலுகை கேட்கிறீர்கள் என்றால், கணக்கைக் காட்டவும் அணியமாக இருங்கள். ஏல விலை, ஒரு கிலோ தூளுக்கான உற்பத்திச் செலவு, ஊழியர் சம்பளம் ஆகியவற்றைக் கேட்காமலே முதல் கூட்டத்தில் வைக்கும் நிர்வாகம் பாதி அவநம்பிக்கையை அன்றே நீக்கிவிடும். காட்ட விருப்பமில்லை என்றால் அந்தக் காரணத்தை மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: பேச்சு முறிந்தால் வேலைநிறுத்தம் செய்யலாமா? முறிந்த பிறகு பழைய ஒப்பந்தத்தின் கதி என்ன?
— நெடுங்கண்டம் வாசகர்

ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது, அதில் அடங்கிய விஷயத்துக்காக வேலைநிறுத்தம் செய்வதைப் பழைய சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்தது; முதலாளி கதவடைப்புச் செய்வதையும் அதே பிரிவு தடுத்தது. புதிய தொகுப்பிலும் இந்தத் தடை தொடர்கிறது. அதற்கு மேல், பொதுப்பயன் சேவைகளுக்கு மட்டுமே இருந்த முன்னறிவிப்புக் கடமை இப்போது எல்லா நிறுவனங்களுக்கும் விரிந்து, அறிவிப்புத் தந்து 14 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் கூடாது என்றாகியிருக்கிறது. ஊழியர்களில் பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒன்றுசேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் இல்லாத புதிய விஷயம் என்றால் நிலை வேறு; எனவே எது அடங்கியது, எது அடங்காதது என்று முதல் நாளே பிரித்து எழுதிவைப்பது உங்களுக்கு இங்கும் உதவும். பேச்சு முறிந்தால் உடனே சமரச அலுவலருக்கு எழுதுங்கள். சமரச நடவடிக்கை நடக்கும் காலத்தில், தகராறோடு தொடர்புடைய பணி நிபந்தனைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற நிர்வாகத்துக்கு எழுத்துமூல அனுமதி தேவை.

பழைய ஒப்பந்தத்தின் கதியைப் பற்றி 1980-இல் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 1974-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் காலம் முடிந்துவிட்டது, முடிப்பு அறிவிப்பும் தந்தாயிற்று, ஆகவே அதன்படி போனஸ் கேட்க முடியாது என்ற வாதத்தைப் பெரும்பான்மைத் தீர்ப்பு ஏற்கவில்லை. பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண அய்யர் அந்தத் தீர்ப்பில், புதிய ஒப்பந்தமோ தீர்ப்பாணையோ வந்து இடத்தைப் பிடிக்கும்வரை பழைய ஒப்பந்தமே பணி நிபந்தனைகளை ஆளும், நடுவில் வெற்றிடம் என்று ஒன்று இல்லை என்ற நிலையை எடுத்தார். காலம் முடிந்த ஒப்பந்தத்துக்கே இது பொருந்தும்போது, காலம் மீதமிருக்கும் உங்கள் ஒப்பந்தம் ஒரு பேச்சு முறிந்ததால் குலைந்துவிடாது. மறுநாள் காலையில் பழைய கூலி, பழைய எடை, பழைய ஷிப்டிலேயே வேலை தொடங்க வேண்டும். அதை மாற்றி ஆள் போட்டால், போட்ட நாளையும் சொன்னவர் யார் என்பதையும் எழுதிவைத்துக்கொண்டு அன்றே தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.